சீட்டுக்கட்டும் கட்டுப்பாடும்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டிரம்ப் கார்டு ஆட உட்கார்ந்தால் முதல் கேள்வி, "சும்மாவா, கெலிப்பா?" என்பதுதான். சும்மா என்றால் ஆட்டம் முடிந்ததும் அவரவர் கார்டு அவரவருக்கு. கெலிப்பு என்றால் போனது போனதுதான். தொண்ணூறுகளில் பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கிய மல்யுத்த வீரர் கார்டுகள் அவை. உயரம், எடை, மார்பளவு, ஜெயித்த சண்டை, ரேங்க் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே கணக்கு இருக்கும். ஒருவன் "எடை" என்று சொல்லி எண்ணைப் படிப்பான். எதிராளியின் மேல்கார்டில் எடை குறைந்தால் அந்தக் கார்டு இவனுக்கு. கடைக்காரர் தரும் பாக்கெட்டைப் பங்குபோட்டு ஆடுவதுதான் முறை. நாங்களோ அவரவர் கட்டோடு வந்து ஆடினோம்.

வினை அங்கேதான் வந்தது. ஒரு கோடை விடுமுறையில் பலசரக்குக் கடைக்காரர் மகன் மூன்று பாக்கெட் வாங்கி, மூன்றிலும் இருந்த யோகோசுனாவை உருவி ஒரே கட்டில் சேர்த்துவிட்டான். எடை என்று வந்துவிட்டால் யோகோசுனாவை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டே நாளில் திண்ணையில் பாதிப் பேர் வெறுங்கையோடு நின்றோம். மூன்றாம் நாள் எங்களில் மூத்தவன் செங்கல் துண்டால் சுவரில் எழுதினான்: "ஒரு ஆளு ஒரு கார்டுதான்." சுவரைப் பார்த்த அம்மா விளக்குமாற்றோடு வந்தது தனிக்கதை.

கட்டு என்ற சொல்லைத் தமிழ் எவ்வளவு சிக்கனமாகப் புழங்குகிறது என்று பின்னால்தான் உறைத்தது. சீட்டுக்கட்டும் கட்டு, ஊர்க்கட்டுப்பாடும் கட்டு. இன்றைய கற்பனை உலகச் சீட்டாட்டங்களான மேஜிக், போக்கிமான், யு-கி-ஓ மூன்றையும் படிக்கப் புகுந்தால் இந்த இரண்டு கட்டும் ஒன்றோடொன்று முடிந்து கிடக்கின்றன. எதிராளி முன் உட்காருவதற்கு முன்பே, எந்தச் சீட்டுகளைக் கட்டில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

நம் பழைய ஆட்டங்களில் ஆடுகிறவன் கட்டின்மேல் கைவைக்க முடியாது. தசாவதாரக் கஞ்சிபாவில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 வட்டச் சீட்டுகள். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்புதுக் கட்டுகளையே வகுத்தார். அவற்றில் சில முந்நூறு சீட்டையும் தாண்டின. ஆனால் கட்டை வகுத்தவர் ராஜா. ஆடியவர்கள் வந்ததை வைத்து ஆடினார்கள். யாழ்ப்பாணத்தாரும் அவர்கள் குடியேறிய ஊர்க்காரர்களும் ஆடும் 304 இன்னும் சுவையானது. 52 சீட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்து ஓரம்வைத்தால் மிச்சம் 32. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, மொத்தம் 76. நாலு இனத்துக்கும் சேர்த்தால் 304. கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் ஆடும் இருபத்தெட்டும் இதன் பங்காளிதான். கட்டிலிருந்து எதைக் கழிப்பது என்பதே ஆட்டத்தின் குணத்தை மாற்றும் என்று இந்த ஆட்டங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கழிக்கும் உரிமையை மட்டும் ஆடுகிறவனுக்குக் கொடுக்கவில்லை.

அதைக் கொடுத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். சேர்மானக் கணிதம் படித்த அமெரிக்கர். 1993 ஆகஸ்டில் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய மேஜிக் ஆட்டத்தில் ஆளுக்கொரு கட்டு. அதை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். முதல் விதிநூல் கேட்டது குறைந்தது 40 சீட்டு, அவ்வளவுதான். ஒரே சீட்டை எத்தனை பிரதி வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கள் திண்ணையைப் போலவே கெலிப்பும் இருந்தது: தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டைப் பந்தயமாக ஒதுக்கிவைத்து, ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

வரம்பு வைக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளச் சிவகாசி ஆப்செட் அச்சகக்காரரைக் கேட்டால் போதும். சீட்டுகள் தனித்தனியாக அச்சாவதில்லை. வரிசைக்கு 11 வீதம் 11 வரிசை, ஆக 121 சீட்டு கொண்ட பெரிய தாளில் அச்சாகி வெட்டப்படுகின்றன. எந்தச் சீட்டு தாளில் எத்தனை இடம் பிடிக்கிறது, அந்தத் தாள் எத்தனை முறை ஓடுகிறது என்பதே அரிதா மலிவா என்பதைத் தீர்மானிக்கும். முதல் பதிப்பில் அரிய சீட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,100 பிரதிதான். ஆளாளுக்குச் சில பாக்கெட்தான் வாங்குவார்கள், அரியது தானாகவே அளவோடு இருக்கும் என்பது கணக்கு. பலசரக்குக் கடைக்காரர் மகன்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

அதைவிடப் பெரிய ஓட்டை மலிவுச் சீட்டில் இருந்தது. மேஜிக்கில் ஆளுக்கு 20 உயிர். மின்னல் சீட்டு ஒன்று 3 உயிரைப் பறிக்கும். ஏழு மின்னல் விழுந்தால் 21, ஆள் காலி. அது அரிய சீட்டும் அல்ல. சக்தி தரும் மலை நிலச் சீட்டையும் மின்னலையும் மட்டுமே அடுக்கி வந்தவனிடம் எதிராளி யாராக இருந்தால் என்ன? 1994 தொடக்கத்தில் போட்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது: குறைந்தது 60 சீட்டு, ஒரு பெயரில் நாலுக்கு மேல் கூடாது, அடிப்படை நிலங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த நாலையும் அறுபதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதல் கை ஏழு சீட்டு. 60-ல் ஒரு சீட்டின் நாலு பிரதி இருந்தால், அவற்றில் ஒன்றாவது முதல் கையில் வருவதற்கு ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் 12-க்கும் கீழே. சரி, ஆசைப்பட்ட எல்லாவற்றையும் திணித்துக் கட்டை 80 ஆக்கினால்? அதே நாலு பிரதிக்கு வாய்ப்பு 31 ஆகச் சரிகிறது. அதனால் 60-க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்று விதி அனுமதித்தும், விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் போவதில்லை. கீழ்வரம்பை மட்டும் எழுதிவிட்டு மேல்வரம்பை ஆசையின் தலையிலேயே கட்டிவிட்ட விதி இது. நான் படித்த சட்டங்களில் இவ்வளவு நறுவிசானது குறைவு.

விலக்குப் பெற்ற அந்த நிலங்களும் ஐந்து: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. உடனே குறிஞ்சி முல்லை என்று பொருத்தக் கை பரபரக்கும். பொருந்தாது, பாலையே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் உறவு சொல்லலாம். அந்தந்த நிறச் சீட்டுக்கு அந்தந்த நிலத்தின் சக்தி வேண்டும். இரண்டு நிறத்தைக் கலந்து கட்டினால் பலம் கூடும், கூடவே கையில் மலை வந்து காட்டுச் சீட்டு முழிக்கும் ஆபத்தும் கூடும். திணைமயக்கம் புலவருக்கு வழக்கு. இங்கே அதற்கு வட்டி உண்டு.

1996-ல் ஜப்பானில் வந்த போக்கிமான் இந்த நாலையும் அறுபதையும் எடுத்துக்கொண்டு, அறுபதைக் கறாராக்கியது: 59-ம் செல்லாது, 61-ம் செல்லாது. ஆட்டத் தொடக்கத்தில் 6 சீட்டைப் பரிசு என்று குப்புற ஒதுக்கவேண்டும். ஒரு சீட்டை ஒற்றைப் பிரதியாக வைத்தவர், பத்தில் ஓர் ஆட்டத்தில் அது பரிசுக்குள் மாட்டிக்கொள்ளும் என்ற கணக்கோடுதான் உட்கார வேண்டும். யு-கி-ஓ வேறு வழி போயிற்று. 40 முதல் 60 வரை, பெயருக்கு மூன்று. நிலம், சக்தி என்று வேகத்தைத் தடுக்கும் சீட்டே இல்லாததால், தடுக்கும் வேலை முழுவதும் தடைப்பட்டியலின் தலையில். விலையில்லாமல் இரண்டு சீட்டு இழுக்கவிடும் பேராசைப் பானை அதில் வெகுகாலமாக உட்கார்ந்திருக்கிறது. காரணம் எளிது: அதை மூன்று வைத்தால் 40 சீட்டுக் கட்டு நடைமுறையில் 37 ஆகிவிடும். பட்டியல் அடிக்கடி மாறுவதால் நேற்றுக் கட்டிய கட்டு இன்று செல்லாமல் போகிறது. அவசரச் சட்டங்களால் நடக்கும் ஆட்சி மாதிரி எனக்கு அது கொஞ்சம் அலுப்பு.

எனக்குப் பிடித்தது அலாஸ்காவில் நண்பர் கூட்டம் ஒன்று தொடங்கி, பிறகு கமாண்டர் என்று பெயர்பெற்ற மேஜிக் வகை. 100 சீட்டு, அடிப்படை நிலம் தவிர எல்லாமே ஒற்றைப் பிரதி, தலைவனாக ஒரு சீட்டு, அதன் நிறத்தை மீறி எதுவும் கட்டில் நுழையக்கூடாது. செங்கல் துண்டால் எழுதிய அதே விதி.

மதுரையில் இந்த ஆட்டங்களை ஆட நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் சிக்கல் வீட்டில்தான். சீட்டு என்றாலே சூது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியும் பேர் மாறவில்லை. 2020-ல் இணைய ரம்மி பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்து, அந்த நவம்பரில் அவசரச் சட்டமும் வந்தபிறகு எந்தச் சீட்டையும் பெரியவர்கள் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது சிக்கல் பணம். பள்ளிக்கூட வாசல் கடைகளில் தகதகவென்று கிடைக்கும் தங்க நிறப் போக்கிமான் கார்டுகள் பார்க்க மட்டும்தான்; அசல் விலையோ எட்டாது.

திருநகரில் அக்கா மகன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். ஜெராக்ஸ் கடையில் போக்கிமான் சீட்டுகளைக் கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டி, பிளாஸ்டிக் உறையில் பழைய ரம்மிச் சீட்டின் முன்னால் சொருகிவிடுகிறான். வீட்டு ஆட்டத்துக்கு அது போதும். போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டேன்: "எல்லாமே ஜெராக்ஸ்தானே, நல்ல கார்டா பார்த்துப் பத்து பத்து எடுத்துக்க வேண்டியதுதானே?"

"அப்ப எல்லார் கட்டும் ஒண்ணாயிரும் மாமா. அப்புறம் எதுக்கு ஆடணும்?"

முப்பது வருஷமாக அந்தச் சுவர் எழுத்தை நான் கடைக்காரர் மகனுக்கு எதிரான விதி என்றே நினைத்திருந்தேன். இங்கே எல்லாரும் கடைக்காரர் மகன்தான். ஆனாலும் நாலு நாலுதான்.

பாயில் கார்டுகளை வரிசையாகப் பரப்பி எண்ணினான். 61 வந்தது. ஒன்றை எடுத்தான், திரும்ப வைத்தான், வேறொன்றை எடுத்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு கூட இருந்தா என்னடா இப்ப?"

"செல்லாது அம்மாச்சி."

பிறகு இருவரும் அவரவர் வேலையைத் தொடர்ந்தார்கள். அவள் இலையைக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் எதைக் கழிப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.