உரிமையாளரின் பந்தயமும் நிறுவனத்தின் கணக்கும்

ஒரு குடும்பத்தார் மட்டுமே பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம், தன் இயக்குநர் ஆர்வத்தினால் ஓட்டும் ராலி காரில் தன் பெயரைப் பொறித்துவிட்டு, டயர், எஞ்சின் பழுதுபார்ப்பு, நுழைவுக் கட்டணம், பயணம் அனைத்தையும் விளம்பரச் செலவாகக் கணக்கில் எழுதுவது இந்தியத் தொழில் உலகுக்குப் புதிதன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1)ஆம் பிரிவு, மூலதனச் செலவாகவோ சொந்தச் செலவாகவோ இல்லாமல், முழுவதும் தொழிலின் பொருட்டே செய்யப்பட்ட செலவை மட்டும் இலாபத்திலிருந்து கழிக்க இடந்தருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அதனிடத்தைப் பெறும் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த அளவுகோலை மாற்றவில்லை.

இவ்வழக்கத்தின் ஈர்ப்பு கணக்கிலேயே தெரிகிறது. திருவனந்தபுரத்தில் இயங்கும் ஒரு தனியார் நிறுவனம் 22 விழுக்காட்டு வரியைத் தேர்ந்துகொண்டு, மிகைவரியும் தீர்வையும் சேர்த்து 25.17 விழுக்காடு செலுத்துகிறது என்றும், அதன் உரிமையாளர் தீர்வையுடன் 31.2 விழுக்காட்டு வரம்பில் இருக்கிறார் என்றும் கொண்டால், பந்தயத்துக்கான 10 லட்சம் ரூபாயை நிறுவனமே செலவிட்டுக் கழிவு பெறும்போது 10 லட்சம் இலாபமே போதும். அதே தொகையை அவர் ஈவுத்தொகையாக எடுத்துத் தம் கையிலிருந்து செலவிட வேண்டுமானால், வரிக்கு முந்தைய இலாபம் ஏறத்தாழ 19.4 லட்சம் வேண்டியிருக்கும். அந்நகரின் டெக்னோபார்க்கில் சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளர் அதே பந்தயத்தில் அதே வகைக் காரை ஓட்டினால், வரி கட்டி எஞ்சிய பணத்தில்தான் அவர் டயர் வாங்க முடியும். ஒரே விளையாட்டுக்கு இருவரிடம் இருவேறு விலை கேட்கும் இந்த ஏற்றத்தாழ்வே வழக்கத்தின் முதற்குறை. வேறெந்தக் குறையையும்விடப் பெரிய குறையும் அதுவே.

சட்டம் இதை எவ்வாறு எடைபோடுகிறது என்பதற்குக் கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றே சிறந்த திறவுகோல். இறந்துபோன வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்காகத் தான் செலுத்திய மரணச் சொத்து வரியைத் தொழிற்செலவாகக் கழிக்க வேண்டுமென மலையாளம் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் கேட்டபோது, 1964இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தொழிலின் பொருட்டு என்பது இலாபம் ஈட்டலைவிட விரிந்தது, தொழிலைக் காப்பதும் அதில் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டே, தொழில் நடத்துபவர் என்ற தகுதியில் அச்செலவு செய்யப்பட்டதா என்பதை நீதிமன்றம் வரம்பாக வைத்தது. பந்தயச் செலவுக்கும் இதுவே பொருந்தும் வினா: பணம் கொடுத்தது விளம்பரம் தேடிய வணிகரா, தம் பங்குதாரரை மகிழ்விக்க விரும்பிய குடும்பமா?

இதற்கு எதிர்த்திசையில் நிற்பது சயாஜி அயர்ன் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு. நிறுவனம் செயற்கை நபர் என்பதால் அதற்குச் சொந்தச் செலவே இருக்க முடியாது. இயக்குநர்கள் நிறுவனக் காரைத் தம் தேவைக்குப் பயன்படுத்தினாலும் அதற்காக நிறுவனத்தின் கழிவைக் குறைக்கலாகாது என்பதே அது. தர்க்கத்தில் இதைக் குறைசொல்ல இயலாது. ஆனால் இயக்குநர் பெறும் நன்மையை அவருடைய வருமானமாகக் கருதும் 2(24)(iv) பிரிவும், பத்து விழுக்காட்டுக்குக் குறையாத வாக்குரிமை உடைய பங்குதாரரின் தனி நன்மைக்கு நிறுவனம் செலுத்தும் தொகையை, திரண்ட இலாபத்தின் அளவுக்கு, ஈவுத்தொகையாகவே கருதும் 2(22)(e) பிரிவும் உடன் செயல்பட்டால்தான் அத்தர்க்கம் நியாயமாகும். நிறுவனத்தின் கையில் கழிவை விட்டுக்கொடுத்துவிட்டு உரிமையாளரின் கையிலும் வரி கேளாத மதிப்பீடு, அரைச் சட்டத்தை மட்டும் படித்த மதிப்பீடு.

‘முழுவதும் தொழிலின் பொருட்டே’ என்ற சொற்றொடரை இந்தியாவுக்குத் தந்த பிரித்தானியாவில் விடைகள் இருவிதமாக அமைந்தன. பேருந்து நடத்திய ஒருவர் தாமே ஓட்டிய ராலி காருக்கான செலவு 2007இல் விளம்பரமாக ஏற்கப்பட்டது. ரக்பி கழகத்துக்குப் பணம் தந்த மீன் வணிக நிறுவனமான இன்டர்ஃபிஷுக்கு, கழகத்தின் நிதிநிலையைத் தாங்குவதும் நோக்கமாக இருந்ததால், 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுத்தொகையையும் மறுத்தது. அங்கு ஆர்வம் குற்றமாகவில்லை. இரண்டாம் நோக்கமே கழிவைக் கவிழ்த்தது.

ஆயினும் வழக்கத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அரசு நிதி அரிதாகவே எட்டும் கார்ப் பந்தயம், தென்னிந்தியாவில் தொழிற்குடும்பங்களின் பணத்தாலும் பித்தாலுமே வேரூன்றியது. கோவையின் ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் ஒரு தலைமுறை ஓட்டுநர்களைப் பயிற்றுவித்தன. நரேன் கார்த்திகேயனும் அவற்றில் ஓடித் தொடங்கி 2005இல் ஃபார்முலா ஒன்றை எட்டினார். இத்தகைய பயனை வரிச்சட்டத்தின் பெயரால் நசுக்குவது கொடுமை. அதைச் சுட்டிக் காட்டி எவருடைய வார இறுதி ஆசையையும் பொதுக் கருவூலத்தின் தலையில் ஏற்றுவது அதைவிடக் கொடுமை.

ஆகவே எடைபோட வேண்டியது எழுத்துச் சான்றுகளே. பந்தயம் நடக்கும் இடத்தில் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் உண்டா, உறவில்லாத ஓட்டுநருக்கும் அதே தொகை தரப்பட்டிருக்குமா, இயக்குநர் குழு முன்கூட்டித் தீர்மானம் செய்ததா என்பவை திருவனந்தபுரத்தின் கவடியார் வருமான வரி அலுவலகத்தில் முதலில் கேட்கப்பட வேண்டும். அங்கு மட்டுமன்றி, கொச்சியில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முன்னும் இவையே நிற்கும். பகுதியளவே தொழிலுக்குப் பயன்படும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் நியாயமான பங்கை மட்டும் அனுமதிக்கும் 38(2)ஆம் பிரிவை ஒத்த ஏற்பாடு 37(1)இல் இல்லை. அது வந்தால், காரில் எழுதிய பெயருக்கான சந்தை மதிப்பு நிறுவனத்தின் செலவாகவும், எஞ்சியது உரிமையாளரின் வருமானமாகவும் பிரியும்.