பாகங்களைக் குறித்தால் போதுமா?

பத்தாம் வகுப்பில் உயிரியல் படித்த எவரும் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற கேள்வியை மறந்திருக்க முடியாது. இதயம், நெஃப்ரான், நியூரான், தண்டின் குறுக்குவெட்டு என்று பென்சிலும் அழிப்பானுமாகக் கழிந்த மாலைகள் எல்லோருக்கும் உண்டு. மனப்பாடத்தை வளர்க்கிறது என்று சொல்லி இந்த வழக்கத்தையே கைவிடச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரைவது உயிரியலுக்கு உயிரான பயிற்சி. கோளாறு, எதைப் பார்த்து வரைகிறோம் என்பதில் இருக்கிறது.

இதயத்தையே எடுத்துக்கொள்வோம். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடித்தது என்பதை வாசித்துவிட்டு எளிதாகக் கடந்துவிடலாம். வரையும்போது அப்படி முடியாது. ஒரு பக்கத்தைத் தடிமனாகத் தீட்டியே ஆக வேண்டும். அப்போது ‘ஏன்?’ என்ற கேள்வி தானாக எழும். வலது வெண்ட்ரிக்கிள் அருகிலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளினால் போதும். இடது வெண்ட்ரிக்கிளோ உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். நமக்கு எதிரே நிற்பவரின் இதயமாக வரைவதால் ‘இடது’ தாளின் வலப்பக்கம் வருகிறது என்பதும் கை வைத்த பிறகுதான் உறைக்கும். இருவித்திலைத் தண்டில் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக அமைவதும், ஒருவித்திலைத் தண்டில் சிதறிக் கிடப்பதும் ஒருமுறை வரைந்தவருக்கு மறக்காது.

அறிவியல் வரலாறும் இதற்குச் சாட்சி. நரம்பு மண்டலம் அறுபடாத ஒரே வலை என்று இத்தாலியின் கமிலோ கோல்கி நம்பினார். அவர் கண்டுபிடித்த சாயமேற்றும் முறையையே பயன்படுத்தி, ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ காஹால் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். நியூரான்கள் தனித்தனிச் செல்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. காலம் காஹாலின் பக்கம் நின்றது.

நம் வகுப்பறையில் விடுபட்டுப்போனது அந்தப் பார்த்தல்தான். வெங்காயத் தோல் சோதனையில் இது அப்பட்டமாகத் தெரியும். வெங்காயச் செதிலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்து, அயோடின் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால், செங்கல் அடுக்கியதுபோல் நீண்ட செல்களும் ஒவ்வொன்றிலும் உட்கருவும் தெரியும். பசுங்கணிகம் தெரியாது, ஏனென்றால் அங்கே அது இல்லை. மண்ணுக்குள் இருக்கும் குமிழுக்கு ஒளிச்சேர்க்கையில் வேலை இல்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் பாடநூலின் ‘தாவர செல்’ அப்படியே ஏறி, பச்சைப் பசுங்கணிகங்களோடு நிற்கிறது. தாவர செல் என்றாலே பசுங்கணிகம் இருக்கும் என்ற தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டிய சோதனை, அதையே உறுதிப்படுத்திவிடுகிறது. மாணவன் தன் கண்ணைவிடப் புத்தகத்தை நம்பப் பழகுகிறான் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம்.

அளவும் எண்ணிக்கையும் இன்னொரு சிக்கல். படத்தில் இரண்டு மைட்டோகாண்ட்ரியா இருக்கும். ஒரு கல்லீரல் செல்லிலோ ஆயிரத்துக்கும் மேல் உண்டு. முதிர்ந்த மனித ரத்தச் சிவப்பணுவில் ஒன்றுகூடக் கிடையாது. பக்கம் முழுக்க ஒரே நெஃப்ரானை வரைகிற பிள்ளைக்கு, ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு என்பது மனத்தில் பதிவதில்லை. நீலத்தில் தீட்டிய சிரைகளைப் பார்த்து ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நீல நிறம் என்று எண்ணுகிறவர்கள் பெரியவர்களிலும் இருக்கிறார்கள். அது அடர்சிவப்புதான்.

பெயர்களுக்கு மட்டும் மதிப்பெண் தரும்வரை இந்த நிலை மாறாது. ‘இதயத்தை வரை’ என்பதோடு ‘எந்தச் சுவர் தடித்தது, காரணம் என்ன?’ என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால் அதே படம் சிந்திக்க வைக்கும் வினாவாகிவிடும். அதற்குப் புதிய பாடத்திட்டமோ கூடுதல் செலவோ தேவையில்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வெங்காயத் தோல் சோதனை நடத்தும்போது பாடநூலை மூடி வைக்கச் சொல்லுங்கள். கண்ணில் பட்டதை மட்டும் வரைந்த பிள்ளையின் படம் கோணலாக இருந்தாலும், அதற்கே முழு மதிப்பெண் போடுங்கள்.