காமன் எரிந்த பிறகு

மாசி மாதத்தில் இலங்கை மலையகத்தின் வலப்பனை, ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், சிவன் மன்மதனை எரித்த கதையைக் காமன் கூத்தாக ஆடுவார்கள். காமன் பொட்டலில் தப்பு முழங்கும். சேலை கட்டிய ஆண் ஒருவர் ரதியாக நின்று ஒப்பாரி வைப்பார். சுற்றி உட்கார்ந்திருக்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது மன்மதனுக்காக மட்டும் அல்ல. 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இழந்திருந்த தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. அதில் போன அண்ணனுக்கும் அக்காளுக்கும் அழ, கூத்து ஓர் இடம் தருகிறது.

இந்தக் கண்ணீரை, பட்ட அநீதியைப் பொதுவில் சாட்சியாகச் சொல்லும் ‘உண்மை கூறல்’ என்று சொல்லலாமா?

ஒப்பிட ஒரு முன்மாதிரி உண்டு. கனடாவின் பூர்வகுடி மக்கள் வதிவிடப் பள்ளிகளில் பட்டதை விசாரித்த ஆணைக்குழு 2008 முதல் 2015 வரை இயங்கியது. சாட்சி சொன்னவர்கள் கண்ணீர் துடைத்த காகிதங்களைச் சேர்த்துப் புனித நெருப்பில் இட்டார்கள். அங்கேயும் நெருப்புதான். ஆனால் 2008 ஜூனில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். அழுதவர்களுக்குப் பதில் சொல்ல எதிரே ஓர் அரசு இருந்தது.

மலையகத் தமிழர் பூர்வகுடிகள் அல்லர். இத்தீவின் ஆதிவாசிகள் வேடர்கள். நம்மவர்கள் 1820களிலிருந்து கோப்பிக்காகவும், பிறகு தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்டவர்கள். ஆனாலும் அழுபவருக்குப் பதில் சொல்ல எதிரே ஒருவர் இருக்க வேண்டும் என்ற அந்தக் கனடிய அளவுகோல் இங்கே பொருந்தும். கூத்தை அதில் வைத்தால் குறை தெரிகிறது. எரித்தவர் சிவன் என்று ரதிக்குத் தெரியும். நம் ஒப்பாரியிலோ விதி வரும், கடல் வரும், கோச்சி வரும். 1948இல் குடியுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கச் சட்டம் வராது. கதை முடிவில் மன்மதன் உயிர்பெறுகிறான், ரதியின் கண்ணுக்கு மட்டும். மலையகத்தின் காயமும் அப்படித்தான், பட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. கூத்து ஆற்றுகிறது, யாரையும் பொறுப்பாக்குவதில்லை.

அரசின் பக்கம் இதைவிட மோசம். 2024 ஜனவரியில் வெளியான உண்மை, ஒற்றுமை, நல்லிணக்க ஆணைக்குழுச் சட்டமூலம் 1983 முதல் 2009 வரை வடக்கு கிழக்கில் நடந்த மோதலையும் அதன் விளைவுகளையும் தன் எல்லையாக வைத்தது. போர் தின்ற உயிர்களுக்கு அந்த விசாரணை அவசியம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் 1948 அதற்குள் வராது, 1964 வராது, 1977 வன்செயலில் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களின் முதல் இழப்பும் வராது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தந்தது. பறித்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

கூத்துக்கும் அரசுக்கும் நடுவில் நம்பிக்கை தந்தது ஒன்றுதான்: 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மலையக நடைபவனி. முன்னோர் வந்த வழியிலேயே நடந்து, அவர்களை நினைத்து, நாட்டிடம் அங்கீகாரம் கேட்டார்கள். துக்கமும் கேள்வியும் ஒரே பாதையில் போனது அப்போதுதான். என் கணிப்பில் மலையகம் கண்ட உண்மை கூறலில் சிறந்தது அதுவே. கேட்டவர்களுக்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை என்பது அதன் குறை அல்ல, அரசின் குறை.

ஆகவே கூத்துக்கு மேடையும் நிதியும் கொடுத்துவிட்டு ஆதரித்துவிட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதேபோல் இந்த ஒப்பாரிகளையும், பாடுகிறவர்களின் வாழ்க்கையோடு சேர்த்துச் சாட்சியமாகப் பதிய வேண்டும். அடுத்த சட்டமூலம் 1948இலிருந்து தொடங்க வேண்டும். ஆணைக்குழு தோட்டத்துக்கே வந்து தமிழில் கேட்க வேண்டும். தாமதிக்க நேரமில்லை: கோச்சியை வழியனுப்பிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது.