நூற்பட்டியலில் இல்லாதவள்

விடுமுறைக்கு வந்த என் பழைய மாணவி ஒருத்தி, கல்லூரிக்கென எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பார்வையிடத் தந்தாள். 'பெண்ணும் இயற்கையும்' என்பது பொருள். நூல்நிலையத்தில் பலநாள் இருந்து திரட்டிய நூற்பட்டியல் நீண்டிருந்தது. முடிவோ ஒரே வரி. பெண் பிறப்பாலேயே இயற்கைக்கு நெருங்கியவளாம். கண்டியை அடுத்த தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவளின் மகள் இதனை எழுதினாள் என்பதே என்னை உறுத்தியது.

வந்தனா சிவா 1988இல் வெளியிட்ட நூலை ஒட்டியே இம்முடிவுக்கு அவள் வந்திருந்தாள். இமயமலைச் சாரலில் மரங்களைக் காத்த பெண்களின் போராட்டத்தைப் பேசும் அந்நூலின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும், பீனா அகர்வால் 1992இல் அதனை மறுத்து எழுதிய கட்டுரையை அவள் தேடவேயில்லை. வடமேற்கு இந்தியக் கிராமப் பெண்களின் நிலையை மூன்றாம் உலகப் பெண்கள் அனைவர்க்கும் பொதுவாக்கலாகாது. இயற்கையோடு பெண்ணுக்குள்ள உறவை உழைப்பும் உடைமையும் வர்க்கமுமே வகுக்கின்றன என்பது அகர்வாலின் வாதம். ஒரு நூல் கைக்குக் கிட்டியதும் அதனோடு வாதிட்டவர் யாரெனத் தேடுவது ஆய்வாளனின் முதற்கடன் அன்றோ?

மேலும், எது இயற்கை? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலையெங்கும் தேயிலை பரவியது. உல்லாசப் பயணிகள் வியக்கும் இப்பசுமை, காடழித்துக் கூலி உழைப்பால் நட்டது. அதனிடையே நிற்கும் பெண்ணுக்கு 1984 வரை ஆணுக்குச் சமமான நாட்கூலிகூட இல்லை.

துரைமார் எழுதிய நூல்களும் பட்டியலில் இருந்தன. அவற்றை ஒதுக்கச் சொல்லேன். ஏக்கர்க் கணக்குக்கும் விளைச்சல் கணக்குக்கும் அவை சான்றாகும். தொழிலாளியைப் பற்றி அவை கூறுவதை மட்டும் எடைபோட்டே கொள்ளவேண்டும். (அட்டைக்கடியை எழுதிய துரை தன் காலைப் பற்றியே எழுதினான்!)

1947இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் பட்டியலில் இல்லை. "அது இலக்கியம்தானே, டீச்சர்" என்றாள். இலக்கியமும் சான்றே. ஆயின் மக்கள் பாடல் என்பதற்காகக் கண்ணை மூடி ஏற்பதும் தவறு. பாடியவள் யார்? மலையில் கங்காணி கேட்கப் பாடினாளா, லயத்தில் தாலாட்டாகப் பாடினாளா? எழுதிக்கொண்ட ஆண் எதைக் கேட்டான், எதை விட்டான்? இவ்வினாக்களைத் துரையிடம் மட்டுமன்றி நம்மவரிடமும் கேட்கவேண்டும்.

"அம்மாவிடம் கேட்டாயா?" என்றேன்.

"அம்மா சொல்வதை அடிக்குறிப்பில் எப்படிப் போடுவது?"

அவர் சம்மதித்தால் பெயர், தோட்டம், பேசிய நாள், கேட்டவர் யார் என்று எழுதினால் போதும் என்றேன். மகளிடம் தாய் சொல்லத் தயங்குவனவும் உண்டாகையால், வேறிரு பெண்களிடமும் கேட்கச் சொன்னேன். கட்டுரையை அவள் முதற் பக்கத்திலிருந்தே திரும்ப எழுதுகிறாள்.