சிறார் குறும்படங்களில் வேனில்: எல்லைப்புற நோக்கு

தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குரிய பொழுதுகளாக வகுக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஆனால், சிறாரின் கோடைக்காலத்தைப் பொருளாகக் கொண்டு, குடும்பத்தினர் ஒருங்கிருந்து காண எடுக்கப்படும் பன்னாட்டுக் குறும்படங்களில் வேனில் பெரும்பாலும் கூடலின் காலமாகவே அமைகிறது. நகரத்துச் சிறுவன் பாட்டன் வீட்டுக்கு வருகிறான். ஆற்றையும் மரத்தையும் தோழமையையும் கண்டறிகிறான். விடுமுறை முடியத் திரும்புகிறான். வருபவன் கண்ணே படத்தின் கண்ணாகிறது. அவ்வூரில் இருப்பவன் பின்புலமாகிறான். பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழ்ச் சிறாரை மனத்திற்கொண்டு இவ்வமைப்பை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சிறாரின் வேனிலைக் காட்டிய குறும்படங்களுள் திரூபோவின் 'லே மிஸ்தோன்' (1957) குறிப்பிடத்தக்கது. சிறாருக்கென எடுக்கப்பட்டதன்று எனினும், பிற்காலப் படங்கள் பலவற்றில் காணப்படும் ஓர் உத்தி இதில் தெளிவாக உள்ளது. நீம் நகரத்துச் சிறுவர்கள் ஒரு கோடையில் காதலர் இருவரைத் தொடர்ந்து சீண்டுகின்றனர். கதையைச் சொல்வதோ, வளர்ந்துவிட்ட ஒருவனின் நினைவுக்குரல். அக்கோடையைக் கடந்து வந்தவனுக்கே அது இனிய நினைவாக வாய்க்கிறது என்பது நோக்கத்தக்கது.

இனி எல்லைப்புறத்தைக் காண்போம். சித்தூர் வட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகள் பனை நிறைந்த வறண்ட நிலம். வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளரும் சிறார் அங்கு உளர். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களையே வாழ்வாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. அப்போது குளிர் நாடி மூணாறுக்குப் பிறர் ஏறி வருகின்றனர்; லயத்துச் சிறாரில் பலர் சொந்த ஊரின் வெயிலை நோக்கி இறங்குகின்றனர். கோடைப் படங்களின் வழக்கமான பயணத்திசை இங்குத் தலைகீழாகிறது.

இம்முரணை ஓரளவு தொட்ட படம் அஞ்சலி மேனனின் 'மஞ்சாடிக்குரு'. 2008ஆம் ஆண்டு கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்று, 2012இல் திரையரங்குகளுக்கு வந்த இது முழுநீளப் படம் எனினும், அமைப்பால் இவ்வகையைச் சார்ந்தது. பாட்டனாரின் இறப்பையொட்டி வளைகுடாவிலிருந்து வரும் பத்து வயது விக்கி, அவ்வீட்டில் பதினாறு நாட்கள் தங்குகிறான். அங்கு வேலை செய்யும் ரோஜா தமிழ்நாட்டுச் சிறுமி. அவன் உறவினரோடு கூடும் அதே வீடு, அவளுக்குத் தன் உறவினரைப் பிரிந்திருக்கும் இடம். ஒரே முற்றத்தில் ஒரு குழந்தைக்குக் கூடலும் மற்றொரு குழந்தைக்குப் பாலையும் நிகழ்கின்றன. படம் ரோஜாவைப் பரிவோடு காண்கிறது. ஆயினும் நினைவுகூரும் உரிமை விக்கிக்கே வழங்கப்படுகிறது. அப்பதினாறு நாட்களை ரோஜா எவ்வாறு நினைவுகூர்வாள் என்னும் வினா எழுப்பப்படாமலே நின்றுவிடுகிறது. இதுவே படத்தின் எல்லை எனலாம்.

இதற்கு மாறான நோக்குடையது கமலக்கண்ணனின் 'குரங்கு பெடல்' (2024). இராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்னும் சிறுகதையைத் தழுவிய இப்படம், 1980களின் ஒரு கோடையில் குமாரபாளையத்தை ஒட்டிய சிற்றூர்ச் சிறுவர்களைக் காட்டுகிறது. எவரும் எங்கிருந்தும் வந்து அவர்களைக் கண்டறிவதில்லை. வாடகை மிதிவண்டிக்குக் காசு தேடுவதே அவர்களது வேனிற்காலப் பெருமுயற்சி. ஊரில் இருப்பவன் கண்ணாலும் கோடையைச் சொல்ல இயலும் என்பதற்கு இப்படம் சான்றாகிறது.

லமோரிஸின் 'சிவப்பு பலூன்' (1956) கோடைப் படமன்று. எனினும் 34 நிமிடங்களில், மிகச் சில சொற்களோடு, ஒரு சிறுவனின் தனிமையை எம்மொழிக் குழந்தையும் உணரச் செய்தது. இருமொழிச் சூழலில் வளரும் எல்லைப்புறச் சிறாரைப் பற்றிப் படமெடுப்போர்க்கு இச்சிக்கனம் நல்ல முன்மாதிரி. குடும்பத்தினர்க்குரிய படம் துயரத்தை விலக்க வேண்டுவதில்லை. யாருடைய குடும்பம், யாருடைய விடுமுறை என்னும் வினாக்களை அது மறைக்காதிருத்தல் வேண்டும். லயத்து முற்றத்தில் நிற்கும் குழந்தை காட்சியின் அழகாக மட்டும் நில்லாது, தன் வேனிலைத் தானே சொல்லும் படமே இவ்வகையை முழுமையாக்கும்.