எலும்பும் எதிர்பார்ப்பும்
டைனோசோர்ப் பூங்கா விளையாட்டும் ரசிகர்தம் ஊகங்களும் – ஒரு நோக்கு

வெளிவராத நூலுக்கு விமரிசனம் எழுத இயலாது என்பது நாம் யாவரும் ஒப்புக்கொள்ளும் நியதி. ஆயின், இன்னும் வெளிவராத ஒரு படைப்பைப் பற்றி அதன் வருங்கால நுகர்வோர் மாதக்கணக்கிலே வாதிடுவதும், அதிலே எவை இடம்பெறும், எவை இடம்பெறா எனச் சான்றுகாட்டி நிறுவ முயல்வதும் காணொளி விளையாட்டுத் துறையிலே இன்று வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்துக்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது 'யுராசிக் வேர்ல்ட் எவலூஷன்' என்னும் விளையாட்டு வரிசையாகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த புரொன்டியர் நிறுவனம் உருவாக்கிய இவ்வரிசையில் முதலாவது விளையாட்டு 2018 யூனிலும், இரண்டாவது 2021 நவம்பரிலும், மூன்றாவது 2025 ஒக்ரோபரிலும் வெளிவந்தன. வேலியடைத்து, டைனோசோர்களை உருவாக்கி வளர்த்து, பார்வையாளரை வரவழைத்து, பூங்காவை நட்டமின்றி நடத்துவதே ஆடுவோனின் பணி. இவ்விளையாட்டுகள் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்ட நாள் தொட்டு வெளியான நாள் வரை ரசிகரிடையே ஒரு வினாவே மேலோங்கி நின்றது: எந்தெந்த டைனோசோர்கள் வரும்?

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டெனத் தள்ளிவிடுவோர் எம் மத்தியிலே இருக்கலாம். ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதனை எதிர்பார்க்கின்றனர் என்பது அவர்கள் எதனைப் படைக்கின்றனர் என்பதற்கு எவ்வகையிலும் குறைந்த ஆய்வுப்பொருளன்று. இவ்வூகங்களினுள்ளே இருவேறு மனப்பாங்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கிடைத்த சிறு தடயத்தைக் கொண்டு ஓர் உயிரின் வாழ்வை முழுமையாகக் காண விழையும் அறிவு வேட்கை. மற்றது, பெயர்களை அடுக்கி அவற்றைப் பெற்றுவிடத் துடிக்கும் நுகர்வு வேட்கை. இவ்விரண்டையும் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊகத்தின் வரலாறு

ஊகமின்றி டைனோசோர் இல்லை எனின் அது மிகையாகாது. 1825 இல் கிடியன் மன்ரெல் என்னும் ஆங்கில மருத்துவர் சில பற்களைச் சான்றாகக் கொண்டு இகுவனோடன் என்னும் விலங்குக்குப் பெயரிட்டார். பின்னர் கிடைத்த கூரிய எலும்பொன்றை அவர் அதன் மூக்கின்மேற் கொம்பாகப் பொருத்தினார். 'டைனோசோரியா' என்னும் சொல்லை 1842 இல் ஆக்கித் தந்தவர் றிச்சட் ஓவன். அவரது ஆலோசனையுடன் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி, லண்டன் கிறிஸ்டல் பலஸ் பூங்காவிலே முழு அளவிலான உருவங்களை அமைத்தார். 1853 டிசெம்பர் 31 ஆம் நாள் இரவு இகுவனோடன் சிற்பத்தின் அச்சினுள்ளே விருந்தொன்று நடைபெற்றது. 1854 இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகின் முதலாவது டைனோசோர்ப் பூங்கா இதுவே எனலாம்.

1878 இல் பெல்ஜியத்தின் பேர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்திலே இகுவனோடன் எலும்புக்கூடுகள் பல கண்டெடுக்கப்பட்டபோது, மூக்குக் கொம்பெனக் கருதப்பட்டது உண்மையிலே அவ்விலங்கின் பெருவிரற் கூரென்பது தெளிவாயிற்று. கிறிஸ்டல் பலஸ் மாளிகை 1936 இல் தீக்கிரையாயிற்று. சிற்பங்களோ மூக்கிலே கொம்புடன் இன்றும் அங்கு நிற்கின்றன. பிழையானவையாயினும் அவை வெறுங்கற்பனைகள் அல்ல. அன்றிருந்த சான்றுகளின் எல்லைவரை சென்று, அதற்கப்பால் ஓரடி எடுத்துவைத்த அறிவின் சின்னங்கள் அவை.

ரசிகரின் ஊகமும் இம்மரபின் வழிவந்ததே. முன்னோட்டக் காட்சியிலே மரங்களுக்கிடையில் தெரியும் முதுகின் வளைவு, சமகாலத்தில் வெளிவரும் திரைப்படத்தின் விலங்குகள், கடைக்கு வரும் பொம்மைகள் என்பவற்றை ஒப்புநோக்கி அவர்கள் முடிவுக்கு வருகின்றனர். விளையாட்டின் உள்ளமைப்பும் இதுவே. ஆடுவோன் அகழ்வுக் குழுக்களை உயிர்ச்சுவடு செறிந்த இடங்களுக்கு அனுப்புகிறான். முதலாவது விளையாட்டிலே, ஒரு விலங்கின் பரம்பரைத் தொகுதியில் 50 சதவீதமேனும் கிட்டிய பின்னரே அதனைப் பொரிக்கவைக்க முடியும். 1990 இல் வெளிவந்த மைக்கேல் கிரைற்றனின் 'யுராசிக் பார்க்' நாவலில் எஞ்சிய இடைவெளியைத் தவளையின் டீ.என்.ஏ. நிரப்பிற்று. இங்கு ரசிகரின் மனத்திலுள்ள இடைவெளியை ஊகம் நிரப்புகின்றது.

விலங்கும் நிலமும்

எனினும், ரசிகர் ஆக்கும் பட்டியல்களை நுணுகி நோக்கின் ஒரு குறைபாடு புலனாகும். அவற்றிலே பெயர்கள் நிறைந்துள்ளன. வாழ்வு அருகியே காணப்படுகின்றது. எமது இலக்கணப் பயிற்சி இவ்விடத்தில் ஓர் அளவுகோலைத் தருகின்றது. தொல்காப்பியர் விலங்கைக் கருப்பொருளுள் ஒன்றாக வகுத்தபோது, உணவு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்தார். திணைமரபிலே ஒரு விலங்கின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அதன் நிலமும் பொழுதும் உடன்வந்து நிற்கின்றன. யானை வந்தால் மலைச்சாரலும் மூங்கிலும் வருகின்றன. நிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட விலங்கு அம்மரபிலே பொருளற்றது.

இவ்வளவுகோலை விளையாட்டுக்குப் பிரயோகித்தல் பொருத்தமற்றதன்று. முதலாவது விளையாட்டிலேயே ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவு புல்வெளி, இவ்வளவு காடு, இத்தனை துணைகள் தேவையென வரையறுக்கப்பட்டிருந்தது. அவை குறையின் விலங்கு அமைதியிழந்து வேலியை உடைக்கும். ஆகவே விலங்கும் நிலமும் இணைந்தவை என்ற உணர்வு படைப்பிலே, செப்பமற்ற வடிவிலேனும், இருந்தது. ஆனால் ரசிகரின் பட்டியலோ பெரும்பாலும் 'எது' என்ற வினாவோடு நின்றுவிட்டது. 'எவ்வாறு வாழும்' என்ற வினா அதிலே பின்தள்ளப்பட்டது.

இக்குற்றத்துக்கு இக்கட்டுரையாளரும் உடந்தை. 2021 இல், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்திலே, இரண்டாவது விளையாட்டின் முன்னோட்டத்தைக் கைத்தொலைபேசியிற் பார்த்து, அப்பியாசக் கொப்பியொன்றின் பின்பக்கத்தில் இருபது பெயர்களை எழுதி வைத்தேன். அவ்விளையாட்டை இயக்கவல்ல கணினி எம் வீட்டில் இருக்கவில்லை. வாங்கும் வசதியும் இருக்கவில்லை. எனவே எனக்கு அப்பட்டியலே முழு விளையாட்டாயிற்று. அண்மையில் அக்கொப்பியை மீண்டும் பார்த்தபோது, இருபதில் ஒன்றின் அருகிலேனும் அது எதை உண்டது, எங்கு வாழ்ந்தது என ஒரு சொல்லும் நான் எழுதியிருக்கவில்லை என்பதைக் கண்டு வெட்கமுற்றேன். காசின்றிக் கிடைத்த ஊகத்தைக் கூட ஒரு கொள்வனவுப் பட்டியலாகவே நான் ஆக்கியிருந்தேன்.

பண்டமாகும் விலங்கு

இம்மனப்பாங்கு தனிமனிதரின் குறைபாடு மாத்திரமன்று. அதற்கொரு பொருளாதார அடித்தளமும் உண்டு. முதலாவது விளையாட்டு வெளிவந்தபோதே அதன் உயர்விலைப் பதிப்புடன் ஐந்து இனங்கள் வேறாக விற்கப்பட்டன. பின்னர் 2018 டிசெம்பரில் ஒரு பொதி, 2019 ஏப்பிரலில் ஒரு பொதி, அதே ஆண்டு யூனில் ஒரு பொதி என, பொதிக்கு மூன்று இனங்களாக விற்பனை தொடர்ந்தது. முதற் பொதியிலே இடம்பெற்ற மூன்றனுள் ஒன்று இகுவனோடன் என்பது மனங்கொள்ளத்தக்கது. டைனோசோர் ஆய்வின் தொடக்கத்திலே நின்ற விலங்கு, மூல விளையாட்டிலே இடம்பெறாது, ஆறு மாதங்களின் பின் தனிவிலைக்கு வந்தது.

இந்நிலையில் ரசிகரின் ஊகம் இருவகைப் பணியை ஆற்றுகின்றது. எந்த விலங்குக்கு வேட்கை மிகுதி என்பதை அது நிறுவனத்துக்குக் கூலியின்றி அறிவிக்கின்றது; படைப்பு வெளிவருமுன்னரே அதற்குரிய விளம்பரத்தையும் செய்துவிடுகின்றது. 'இம்முறை வராதது அடுத்த பொதியில் வரும்' என ரசிகர் தம்முள் ஆறுதல் கூறிக்கொள்ளும்போது, குறைபாட்டைச் சுட்டவேண்டிய விமரிசனம் அடுத்த கொள்வனவுக்கான காத்திருப்பாக மாறிவிடுகின்றது. நுகர்வுச் சமுதாயத்திலே எதிர்பார்ப்பும் ஒரு மூலப்பொருளே.

இறகுகள் பற்றிய விவாதம்

ஆயினும், ரசிகர் யாவரையும் வெறும் நுகர்வோராகக் கணித்தல் நேர்மையன்று. இறகுகள் பற்றி அவர்கள் நிகழ்த்திய விவாதம் இதற்குத் தக்க சான்று. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் திரைப்படம் வெளிவந்தது 1993 இல். சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலே, இறகுபோன்ற இழைகளின் தடத்துடன் சைனோசோரொப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசோர் உலகுக்கு அறிமுகமானது 1996 இல். வெலோசிராப்டரின் முன்னங்கை எலும்பிலே இறகு பொருந்திய முகைகள் உண்டென்பது 2007 இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் திரைப்படங்களும் அவற்றைப் பின்பற்றிய விளையாட்டுகளும் செதில் போர்த்த பழைய வெலோசிராப்டரையே பேணி வந்தன. திரையிற் பழகிய உருவமே உரிமம் பெற்ற உருவம். அதனை மாற்றுதல் வணிகத்துக்கு உகந்ததன்று.

இதனை எதிர்த்து ஒரு சாரார் தொடர்ந்து வாதிட்டனர். அவர்கள் கோரியது மேலுமொரு பெயரையன்று. ஏற்கெனவே உள்ள உயிர் உண்மையான வடிவிலே காட்டப்பட வேண்டும் என்பதனையே. 2022 இல் வெளியான திரைப்படத்தோடு இறகுடைய பைரோராப்டர் விளையாட்டினுள்ளும் வந்தது. 2023 மார்ச்சில் இறகுடைய இனங்களுக்கெனத் தனிப்பொதி வெளியாயிற்று. அப்பொதியிலே சைனோசோரொப்டெரிக்ஸ் இடம்பெற்றபோது, அதன் கண்டுபிடிப்பிலிருந்து 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. உண்மையும் ஈற்றிலே விலைக்கே வந்ததென்பது கசப்பான செய்திதான். எனினும் அவ்வாதம் எழாதிருந்தால், பழைய உருவமே உண்மையென ஒரு தலைமுறை நம்பியிருக்கும்.

அதே பொதியிலிருந்த டைனோகைரஸின் கதை மேலும் கருதத்தக்கது. 1965 இல் மொங்கோலியாவின் கோபிப் பாலைநிலத்திலே, போலந்து – மொங்கோலிய ஆய்வுக் குழு ஏறத்தாழ 2.4 மீற்றர் நீளமான இரு கைகளைக் கண்டெடுத்தது. அக்கைகளுக்குரிய உடல் எத்தகையது என அரை நூற்றாண்டு அறிஞர் ஊகித்தனர். கொடிய கொன்றுண்ணி எனக் கருதினோரும் உளர். 2014 இல் புதிய எலும்புக்கூடுகள் விவரிக்கப்பட்டபோது தெரியவந்ததோ, முதுகிலே திமில்போன்ற எழுச்சியும் வாத்தினது போன்ற அலகுமுடைய, செடிகொடியும் மீனும் உண்ட ஒரு பேருயிர். திருட்டுத்தனமாக அகழ்ந்து விற்கப்பட்டிருந்த அதன் மண்டையோட்டையும் பாதத்தையும் ஐரோப்பாவிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. எலும்பு பண்டமானபோது அறிவு தடைப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது விளையாட்டும் மாறிய வினாவும்

2025 இல் வெளியான மூன்றாவது விளையாட்டிலே எண்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவ்வெண்ணிக்கையிலும் முக்கியமானது, அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஆண், பெண், குஞ்சு என்னும் வேறுபாடு தரப்பட்டமையே. முன்னைய இரு விளையாட்டுகளிலும் விலங்குகள் ஆய்வுகூடத்திலிருந்து முழுவளர்ச்சியுற்றவையாகவே வெளியேறின. அவற்றுக்குத் தாயுமில்லை, குழந்தைப் பருவமுமில்லை. குஞ்சுகள் வேண்டுமென்பது ரசிகரின் நீண்டகாலக் கோரிக்கைகளுள் ஒன்று. இக்கோரிக்கையிலே வினா 'எது' என்பதிலிருந்து 'எவ்வாறு' என்பதற்கு நகர்ந்துள்ளதைக் காண்கிறோம். பெயர்ப்பட்டியலிலே கிடந்த விலங்கு, ஈன்று பேணி வளர்க்கும் உயிராகக் கருதப்படத் தொடங்கியுள்ளது. திணைமரபிற் பயின்றோருக்கு இம்மாற்றம் புதிதன்று. பிடியையும் கன்றையும் ஒருங்கே கண்டு பழகிய மரபு அது.

இதனாற் பண்டமாதல் ஒழிந்துவிட்டதெனக் கூறமுடியாது. குஞ்சும் பூங்காவின் பார்வையாளரை ஈர்க்கும் காட்சிப்பொருளே. வருமானக் கணக்கிலே அதற்கும் இடமுண்டு. ஆயினும் கோரிக்கையின் தன்மை மாறும்போது படைப்பின் தன்மை மாறுவதற்கான வாய்ப்பேனும் தோன்றுகின்றது என்பது மறுக்கற்பாலதன்று.

தொகுத்து நோக்குமிடத்து, வெளிவராத படைப்பைப் பற்றிய ஊகமும் ஒருவகை விமரிசனமே என்பது தெளிவாகும். நல்ல விமரிசனத்துக்கும் தீய விமரிசனத்துக்குமுள்ள வேறுபாடு அதற்கும் உரியது. பெயரை மாத்திரம் வேண்டும் ஊகம் விற்போனுக்கு உதவுகின்றது. சான்றினின்று தொடங்கி, அவ்வுயிர் நின்ற நிலத்தையும் உண்ட உணவையும் வளர்த்த குஞ்சையும் வினாவும் ஊகம் மன்ரெல் பிடித்த பல்லுக்கு உறவுடையது. அது பிழைக்கலாம்; மூக்கிலே கொம்பு வைக்கலாம். புதிய எலும்பு கிடைக்குமிடத்துத் திருத்திக்கொள்ளும் நேர்மை அதனிடம் இருந்தாற் போதுமானது.

என் கொப்பியிலுள்ள இருபது பெயர்களுள் முதலாவதன் அருகே, இவ்வாண்டு விடுமுறையில், அது வாழ்ந்த ஆற்றங்கரையைப் பற்றி நான்கு வரிகள் எழுதியுள்ளேன். பத்தொன்பது எஞ்சியுள்ளன.