கிராட்சிட் வீட்டுப் பண்டிகைச் சமையல்

கதைகளில் வருகிற சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. இலையில் என்னென்ன பரிமாறினார்கள் என்று ஜாபிதா போடுவது யாருக்கும் வரும். அதைச் சமைத்தது யார், எந்த அடுப்பில், எவ்வளவு காசில், இறக்கி வைக்கிற வரையில் சமைத்தவள் மனசில் என்ன பயம் இருந்தது என்பதையெல்லாம் சொல்லத் தெரிந்தவர்கள் மிகவும் சொற்பம்.

இந்த அபிப்பிராயம் எனக்கு ஞானத்தினால் வந்ததல்ல, ஒரு தோல்வியினால் வந்தது. தீபாவளி மலர் ஒன்றுக்கு எழுதிய கதையில், ஓர் ஏழைக் குமாஸ்தா வீட்டுப் பண்டிகையை வர்ணித்து, பாதுஷா, மைசூர்ப்பாகு, தேன்குழல் என்று தாராளமாக அடுக்கியிருந்தேன். படித்து முடித்த என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இதுக்கெல்லாம் நெய் வாங்க அவங்களுக்குப் பணம் ஏது?" பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு அலமாரியில் தேடி எடுத்து, பள்ளிக்கூட நாளில் சுருக்கப் பதிப்பாகப் படித்த டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையை முழுசாகப் படித்தேன். அங்கேயும் ஓர் ஏழைக் குமாஸ்தாதான். அங்கேயும் பண்டிகைதான்.

1843-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி வெளிவந்த புத்தகம் அது. விலை ஐந்து ஷில்லிங். கிறிஸ்துமஸுக்குள் ஆறாயிரம் பிரதி விற்றுப் போயிற்று. கதையில் வருகிற குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங், குழந்தைகள் ஆறு. தன்னைப் பற்றிய புத்தகத்தை அவன் வாங்க வேண்டுமானால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவன் நம்முடைய வாசகனாக இருக்க முடியாது என்கிற சங்கடம் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

கதையில் இரண்டு விதமான சாப்பாடு வருகிறது. ஒன்று கண்காட்சி. கருமியான ஸ்க்ரூஜின் முன்னால் தோன்றுகிற இரண்டாவது ஆவி, வான்கோழியும் பன்றிக்குட்டியும் சிப்பிகளும் சுட்ட செஸ்ட்நட்டும் ஆரஞ்சும் குவித்த சிம்மாசனத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழக்கடையும் மளிகைக்கடையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கப்படுகின்றன. எல்லாம் பிரமாதம்தான், ஆனால் கடைத்தெருவை வேடிக்கை பார்த்த திருப்திதான் நமக்குக் கிடைக்கிறது, பசி வருவதில்லை. பசி வருவது அப்புறம், கிராட்சிட் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான்.

அந்த வீட்டில் வாத்தை வாட்டி எடுக்க அடுப்பு இல்லை. அது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய குறை அல்ல. லண்டன் ஏழைகளில் முக்கால்வாசிப் பேர் திறந்த நெருப்பில்தான் சமைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் ரொட்டிக்கடைக்காரர்கள் தங்கள் பெரிய அடுப்பில், சிறு கூலிக்கு, ஏழை வீட்டுப் பாத்திரங்களை வைத்து வேகவைத்துக் கொடுப்பது வழக்கம். ஞாயிறு அன்று கடை, வேலை எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும் என்று சர் ஆண்ட்ரூ ஆக்னியூ என்பவர் பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்தபோது, 1836-ல் டிக்கன்ஸ் அதை எதிர்த்துப் புனைபெயரில் ஒரு பிரசுரமே எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள் ஏழை சாப்பிடுகிற சூடான சாப்பாடும் போய்விடும் என்பது அவர் கட்சி. மசோதா நிறைவேறவில்லை. ஆனால் ஏழு வருஷம் கழித்து, இந்தக் கதையில், ஸ்க்ரூஜும் ஆவியும் அதே விஷயத்தைத்தான் நாலு வார்த்தை தர்க்கம் செய்கிறார்கள். பக்தியின் பெயரால் அடுப்பை அணைக்கிறவர்களோடு தனக்குச் சம்பந்தமில்லை என்று ஆவி சொல்லிவிடுகிறது. பண்டிகைக் கதை என்று நினைத்துப் படிக்கிற நமக்கு, ஆசிரியரின் பழைய கோபம் அங்கே சுடுகிறது.

நான் சைவச் சாப்பாட்டுக்காரன். வாத்தின் ருசி எனக்குத் தெரியாது. ஆனாலும் ரொட்டிக்கடை வாசலில் நின்று, உள்ளே வேகிற வாத்துகளில் எங்கள் வாத்தின் வாசனை எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று இரண்டு குழந்தைகள் ஓடிவந்து சொல்லும்போது என் நாக்கு நனைந்துவிடுகிறது. அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு வேலை. ஒருத்தி ஆப்பிளை மசித்துச் சர்க்கரை சேர்க்கிறாள். ஒரு பையன் உருளைக்கிழங்கைக் குத்துகிறான். தங்கள் முறை வருமுன் கத்திவிடாமல் இருக்கச் சின்னதுகள் வாயில் கரண்டியைத் திணித்துக்கொள்கின்றன. ஒரு வாத்துதான், கிழங்கையும் ஆப்பிளையும் கூட்டித்தான் அதை எட்டுப் பேருக்குப் போதும்படி செய்கிறார்கள். மிஞ்சியது துளி எலும்பு.

புட்டிங் கட்டம் இதைவிட ஒசத்தி. இங்கிலீஷ்காரர்களின் 'பிளம் புட்டிங்'கில் பிளம் பழமே கிடையாது. உலர்ந்த திராட்சைக்குத்தான் அந்தக் காலத்தில் அந்தப் பெயர். மாவு, மாட்டுக்கொழுப்பு, திராட்சை எல்லாம் கலந்து, துணியில் மூட்டை கட்டி, மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு ஏழை எங்கே போவான்? துணி வெளுக்கிற செப்பு அண்டாதான். ஆகையினால் திருமதி கிராட்சிட் மூட்டையைத் திறந்ததும் முதலில் வருவது வெள்ளாவி வாசனை; அதோடு கலந்து பலகாரக்கடை வாசனை. அந்த வெள்ளாவி வாசனையை எழுதியதற்காக மட்டுமே டிக்கன்ஸை நான் கும்பிடுவேன். சாப்பாட்டு ரசிகன் அதை எழுதமாட்டான். அந்த வீட்டில் இருந்தவன்தான் எழுதுவான்.

புட்டிங்கை எடுக்க அவள் தனியாகப் போகிறாள். யாராவது பார்த்தால் கை நடுங்கும். வெந்திருக்காவிட்டால்? கவிழ்க்கும்போது உடைந்துவிட்டால்? புறக்கடைச் சுவர் ஏறி யாராவது திருடிப் போயிருந்தால்? எல்லாம் நன்றாக முடிந்த பிறகுதான், மாவின் அளவில் சந்தேகமாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறாள். இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு இது சின்னப் புட்டிங் என்று யாரும் சொல்லவில்லை, நினைக்கக்கூட இல்லை. அந்தச் சொல்லாமையில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

டிக்கன்ஸுக்கு இது எப்படித் தெரிந்தது? 1824-ல், அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, பன்னிரண்டு வயசில் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கிற இடத்தில் வாரம் ஆறேழு ஷில்லிங்குக்கு அவர் வேலை பார்த்தவர். அந்த நாளில் இரண்டு புட்டிங் கடைகள் உண்டு, ஒன்றில் பண்டம் நயம் ஆனால் துண்டு சின்னது, மற்றதில் துண்டு பெரிசு ஆனால் திராட்சை தூரத்துக்கொன்று என்று பிற்காலத்தில் எழுதி வைத்தார். அவர் மறைந்த பிறகு நண்பர் ஃபாஸ்டர் எழுதிய சரித்திரத்தில்தான் அது வெளிவந்தது. திராட்சைக்கும் திராட்சைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்த கண் அது. கிராட்சிட் குடும்பத்தைக் குடிவைத்த காம்டன் டவுனிலும் அவர் சிறுவனாக வசித்திருக்கிறார்.

இவ்வளவு புகழ்ந்தாகிவிட்டது, இனி என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூஜ் கண்ட அந்த விருந்து ஆவி காட்டிய காட்சி. அவன் விழித்தெழுகிறபோது அதே கிறிஸ்துமஸ் காலை. உடனே கடையிலேயே பெரிய வான்கோழியை வாங்கி, தூக்கிப் போக முடியாமல் வண்டியில் ஏற்றி அனுப்புகிறான். அப்படியானால் நாம் பார்த்த வாத்து என்ன ஆயிற்று? அந்தச் சின்ன விருந்து நடக்கவே இல்லை என்றல்லவா ஆகிறது? அந்த ராட்சசப் பறவையை எந்த அடுப்பில், எத்தனை மணிக்கு வேகவைத்தார்கள் என்பதைப் பற்றி, அடுப்பைப் பற்றி அவ்வளவு அறிந்த ஆசிரியர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பாப் பதினெட்டரை நிமிஷம் தாமதமாக வருகிறான். வான்கோழி வேகப் பாதி ராத்திரி ஆகியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

விளையாட்டாக இதைச் சொல்லவில்லை. வாத்து விருந்தின் முடிவில், இந்த விருந்துக்கு மூலகாரணம் முதலாளிதான் என்று பாப் வாழ்த்துச் சொல்லும்போது, மனைவி சீறுகிறாள். அவள் சீற்றம் நியாயமானது. விருந்தைப் படைத்தவள் அவள். வான்கோழி வந்ததும் பாப் சொன்னது நிஜமாகிவிடுகிறது. விருந்து முதலாளியுடையதாகிவிடுகிறது. வாசகர்களுக்குச் சந்தோஷம், எனக்கு மட்டும் அவளுடைய வெற்றியைத் தட்டிப் பறித்துவிட்டதாகத் தோன்றுகிறது. வான்கோழியை அவர்கள் சாப்பிடுகிற காட்சியை டிக்கன்ஸ் எழுதாமல் விட்டாரே, அவருக்குள் இருந்த கலைஞனுக்கும் அது தெரிந்திருக்கும் போலும். எழுதியிருந்தால் அதில் ருசி இருந்திருக்காது.

என் தீபாவளிக் கதையைத் திருத்தி எழுதினேன். பாதுஷாவும் மைசூர்ப்பாகும் போய்விட்டன. தேன்குழல் மட்டும் இருக்கிறது. எண்ணெய் காணுமோ காணாதோ என்று வாணலியை எட்டிப் பார்க்கிற ஒருத்தியும் இருக்கிறாள். மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.